தண்ணி வெள்ளையா இருக்கிற வரைக்கும்!

ஒரு சின்ன டெஸ்ட். பக்கத்தில் நிற்கிற ஏதாவது ஒரு பைக்கின் டேங்க்கைப் பாருங்கள். நேராக இல்லை. தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ட்யூப்லைட் வெளிச்சம் விழுகிற இடத்தை மட்டும். (‘இவனுக்கு என்னாச்சு?’ என்று யாராவது பார்த்தால் கண்டுக்காதீங்க!) ட்யூப்லைட்டின் ஓரம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி தெரிகிறதா? பெயின்ட்டர் கில்லாடி. நெளிந்து நெளிந்து தெரிகிறதா? அதற்குப் பெயர் ‘ஆரஞ்சு பீல்’. ஆரஞ்சுப் பழத்தோல் மாதிரி மேடும் பள்ளமுமாக இருப்பதால் அந்தப் பெயர்.

நீங்கள் இப்போது பார்த்தது வண்டியின் கலரை இல்லை பாஸ். கலருக்கு மேலே கடைசியாக அடிக்கிற, நிறமே இல்லாத ஒரு பூச்சை. அதுதான் கிளியர் கோட். கலரைக் காப்பாற்றுவதும் அதுதான், பளபளப்பைத் தருவதும் அதுதான். ஷோரூமில் ஒரு காரைப் பார்த்து ‘ஆஹா’ என்கிறோமே, அந்த ஆஹாவில் பாதிக்கு மேல் இந்தக் கண்ணுக்குத் தெரியாத ஆசாமிக்குத்தான் சேர வேண்டும்.

நான் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. என் பொழுதுபோக்கு ஸ்கேல் மாடல். அதாவது நிஜ வண்டியை அதே அளவு விகிதத்தில் சுருக்கிச் செய்வது. நான் செய்வது 1/24. நிஜத்தில் 24 அடி என்றால் என் மேஜையில் 1 அடி. ‘பொம்மை செய்யறியா?’ என்று கேட்காதவர்களே ஹாஸ்டலில் இல்லை. கேட்டவர்களை உட்கார வைத்து ஒரு கணக்குப் போடச் சொல்வேன். ஒரு தூசு, 50 மைக்ரான். தலைமுடியின் தடிமனே 50-லிருந்து 100 மைக்ரான் வரைதான் இருக்கும். நிஜக் காரில் அந்தத் தூசு ஒட்டினால் யாருக்குத் தெரியும்? ஆனால் 1/24 மாடலில் அதே தூசு ஒட்டினால், நிஜக் காரில் 1.2 மில்லிமீட்டர் கட்டி முளைத்த மாதிரி. வண்டியைச் சுருக்கலாம், தூசியைச் சுருக்க முடியாதே! இந்தப் பொழுதுபோக்கின் மொத்தத் தலைவலியும் இந்த ஒரு வரியில் அடக்கம்.

அதனால்தான் கிளியர் கோட் சொதப்பினால், மாடல் செய்பவர்களில் முக்கால்வாசிப் பேர் தரும் அட்வைஸ் ஒன்றே ஒன்றுதான்: “எல்லாத்தையும் கரைச்சு எடுத்துட்டு முதல்ல இருந்து அடி மச்சி!” பெரும்பாலும் நல்ல அட்வைஸ்தான். ஆனால் அதைக் கேட்கவே முடியாத ஒரு மாடல் என்னிடம் வந்து சேர்ந்தது.

எங்கள் அப்புச்சிக்கு (அம்மாவின் அப்பாவுக்கு எங்கள் கொங்குப் பக்கத்தில் அதுதான் பெயர்) ஊர் திருச்செங்கோடு. லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகளுக்கும் போர்வெல் வண்டிகளுக்கும் பெயர்போன ஊர். நாற்பது வருஷம் அந்த வண்டிகளுக்கு எழுத்து எழுதியவர் அவர். பின்பக்கம் ‘ஒலி எழுப்பவும்’, கதவில் ஓனர் பெயர், நெற்றியில் சாமி பெயர். 2000-களில் ஃப்ளெக்ஸ் பேனரும் ஸ்டிக்கரும் வந்து போர்டு எழுதுகிறவர்களின் பிழைப்பில் கைவைத்தபோதும், லாரி அவரைக் கைவிடவில்லை. கடைசியில் அவரை நிறுத்தியது ஸ்டிக்கர் அல்ல, கை நடுக்கம்.

போன வருஷம் பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டி ஒட்டி ஒரு லாரி செய்தேன். சிவப்பு கேபின். அதற்கு மேலே நெற்றியில் நீலப் பலகை. பலகையில் என்ன எழுதுவது? ‘ஸ்ரீ அர்த்தநாரீஸ்வரர் துணை’. திருச்செங்கோட்டு லாரிக்கு வேறு என்ன எழுத முடியும்? பிரின்ட் எடுத்து ஒட்டிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். லாரியைப் பார்த்த அப்புச்சி, “நான் எழுதித் தாரேன் கண்ணு” என்றார்.

அவர் கேட்டது வழக்கமான எனாமல் பெயின்ட். நான் கொடுத்தது மாடலுக்கான அக்ரிலிக். காரணம் இருக்கிறது. மேலே லேக்கர் கிளியர் அடிக்கப் போகிறோம். லேக்கரில் இருக்கும் தின்னர் கொஞ்சம் முரடு. கீழே எனாமல் இருந்தால் அதைச் சுருட்டி, சுருக்கம் விழ வைத்துவிடும். அப்புச்சி அக்ரிலிக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “தண்ணியாட்ட இருக்குது” என்று முகம் சுளித்தார். அப்புறம் இடது கையில் ஒரு குச்சியைப் பிடித்து, அதன்மேல் வலது மணிக்கட்டைச் சாய்த்து, ஜீரோ நம்பர் பிரஷ்ஷால் ஆரம்பித்தார்.

மொத்தம் 13 எழுத்து. ஒவ்வொன்றும் 6 மில்லிமீட்டர் உயரம். நிஜ லாரியில் அது கிட்டத்தட்ட ஆறு அங்குல எழுத்து. அதை எழுத ஒரு காலத்தில் அவருக்கு அரை மணி நேரம் போதும். இதற்கு நான்கு நாள் ஆனது. காலையில் கை கொஞ்சம் அடங்கியிருக்கும் நேரத்தில் மட்டும், நாளுக்கு மூன்று எழுத்து, கடைசி நாள் நான்கு. ‘ணை’ போட்டு முடித்ததும் பிரஷ்ஷைக் கழுவி என்னிடம் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “இன்னொருக்கா கேட்காத கண்ணு. வராது.”

இப்போது புரிகிறதா, ஏன் கரைத்து எடுக்க முடியாது என்று?

லாரியை கோவைக்குக் கொண்டுவந்து, எழுத்து நன்றாகக் காயட்டும் என்று டப்பாவில் போட்டு வைத்துவிட்டு, ஒரு சிம்போசியத்துக்காக மூன்று நாள் வெளியூர் போயிருந்தேன். திரும்பி வந்தால் ரூம்மேட் வாசலிலேயே நிற்கிறான். “மச்சி, உனக்கு சர்ப்ரைஸ்!” பயல் உதவி செய்கிறேன் பேர்வழி என்று, ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்த சாயங்காலத்தில், ஃபேனைப் போட்டுவிட்டு, மூன்று கோட் கிளியர் அடித்து முடித்திருந்தான். நட்புக்காக உயிரைக் கொடுக்கலாம். நட்பு நம் மாடலுக்கு கிளியர் அடிக்கும்போதுதான் கொஞ்சம் கஷ்டம்!

சேத விவரம்: பலகையின் இடது பாதி முழுக்கப் பால் தெளித்த மாதிரி வெண்படலம். கேபின் கூரையில் ஆரஞ்சு பீல். கதவில் மீன் கண் மாதிரி ஒரு குட்டிப் பள்ளம். பலகையின் கீழ் ஓரத்தில், ‘து’வுக்கு நேர் கீழே, வழிந்து உறைந்த ஒரு சொட்டு. அங்கங்கே தூசி. எல்லாவற்றுக்கும் மேலாக, ‘ணை’யின் வால் மேலேயே போர்வையிலிருந்து பறந்து வந்த ஒரு நூலிழை. தீபாவளிக்கு ஊருக்குக் கொண்டுபோக வேண்டும். கையில் 24 நாள்.

முதல் பாடம் இங்கேதான். சொதப்பலைப் பார்த்ததும் கை பரபரக்கும் பாருங்க, அந்தக் கையைக் கட்டிப் போடணும். லேக்கர் மேலே காய்ந்து, உள்ளே இளகலாகவே இருக்கும். அந்த நேரத்தில் தேய்த்தால் பூச்சு ரப்பர் மாதிரி உருண்டு பிய்ந்து வரும். காய்ந்ததா என்று பார்க்க லேப் கருவி எதுவும் வேண்டாம், மூக்கு போதும். கிட்டே வைத்து மோந்து பார்த்தால் தின்னர் வாசனை வரக் கூடாது. வந்தால், இன்னும் காயவில்லை. நான் ஒரு வாரம் தொடவே இல்லை. ரூம்மேட்தான் தினமும் மோந்து பார்த்து ரிப்போர்ட் கொடுத்துக்கொண்டிருந்தான், பிராயச்சித்தமாக.

அந்த ஒரு வாரத்தில் வேறொரு வேலை இருந்தது. கையில் எத்தனை மைக்ரான் இருக்கிறது என்று தெரிய வேண்டும். மாடலோடு சேர்த்து, பாதி டேப் ஒட்டிய ஒரு பிளாஸ்டிக் துண்டையும் டப்பாவில் வைப்பது என் வழக்கம். ரூம்மேட் அதன்மேலும் அடித்திருந்தான். புண்ணியவான்! டேப்பை உரித்து, மெட்ராலஜி லேப் மைக்ரோமீட்டரில் பூச்சு உள்ள பாதியையும் இல்லாத பாதியையும் அளந்தேன். வித்தியாசம் 0.05 மில்லிமீட்டர். அதாவது 50 மைக்ரான். எழுத்து கொஞ்சம் மேடாக இருக்குமே, அதற்கு மேலே இதைவிடவும் குறைவு.

மாசக் கடைசியில் பர்ஸில் 50 ரூபாய் இருந்தால் எப்படிச் செலவு செய்வீர்கள்? அதேதான். தூசிக்குக் கொஞ்சம், ஆரஞ்சு பீலுக்குக் கொஞ்சம், பாலிஷுக்குக் கொஞ்சம். 51-வது மைக்ரானில் அப்புச்சியின் எழுத்து இருக்கிறது. அது கடன் வாங்கிச் சமாளிக்கக்கூடிய விஷயம் இல்லை.

முதலில் வெண்படலம். இதைத் தேய்க்கவே கூடாது. ஏன் வருகிறது தெரியுமா? தின்னர் ஆவியாகும்போது பரப்பைக் குளிர வைக்கும். மழைக்காலக் காற்றில் ஈரம் அதிகம். ஐஸ் வாட்டர் பாட்டிலுக்கு வெளியே முத்து முத்தாகத் தண்ணீர் படிகிறதே, அதே கதைதான். அந்த ஈரம் பூச்சுக்குள் மாட்டிக்கொண்டு பனிமூட்டம் மாதிரி வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது. மருந்து, மெதுவாக ஆவியாகும் தின்னர். ‘ரிட்டார்டர்’ என்று பெயர். நல்ல வெயில் அடிக்கும் நாளில், தூரத்தில் இருந்து, பனி மாதிரி மெல்லியதாக ஒரே ஒரு தூவல். மேல்தோல் கொஞ்சம் இளகி, மாட்டிய ஈரம் வெளியேறிவிடும். அதிகமாகத் தூவினால் கீழே இருக்கும் எழுத்தும் சேர்ந்து இளகும் அபாயம் உண்டு. அதனால் இன்னொரு துண்டில் அக்ரிலிக்கால் ‘அ’ என்று எழுதி, கிளியர் அடித்து, அதன்மேல் முதலில் ஒத்திகை. பாஸானதும்தான் லாரி. கொஞ்ச நேரத்தில் மேகம் கலைந்து, பலகையின் நீலம் திரும்பி வந்தது. ரூம்மேட் விசிலே அடித்துவிட்டான். மறுபடி ஐந்து நாள் காத்திருப்பு.

அடுத்து, கதவில் இருந்த பள்ளம். ஒரு துளி எண்ணெயோ சிலிக்கோனோ கீழே இருந்தால் கிளியர் அந்த இடத்தில் ஒட்டாமல் விலகி நிற்கும். அதுதான் மீன் கண். ஹாஸ்டல் ரூமில் டியோ, ஹேர் ஜெல் சகிதம் வாழும் மக்கள் கவனிக்க! பள்ளத்தைத் தேய்த்துச் சரிபண்ண முடியாது, நிரப்பத்தான் முடியும். பல்குச்சி நுனியில் கிளியரைத் தொட்டு ஒரு சொட்டு. அது காய்ந்து இறங்கியதும் இன்னொரு சொட்டு. பள்ளம் மேடாகும்வரை வைத்துவிட்டு, முழுதாகக் காய்ந்ததும் மேட்டைத் தேய்த்துச் சமமாக்க வேண்டியதுதான்.

இப்போது தேய்ப்பு. கருவி, பெயின்ட் கடையில் கிடைக்கும் வாட்டர் பேப்பர். 2000-ம் நம்பர் பேப்பரில் இருக்கும் துகள் சுமார் 10 மைக்ரான். 1000-ம் நம்பர் என்றால் சுமார் 18. நம்பர் ஏற ஏறத் துகள் பொடியாகும். 50 மைக்ரான் வைத்துக்கொண்டு 1000-ல் ஆரம்பிப்பது, 50 ரூபாயோடு மல்டிப்ளெக்ஸுக்குப் போவது மாதிரி!

வழிந்த சொட்டுக்கு: சுற்றிலும் டேப் ஒட்டி, தட்டையான ஒரு பிளாஸ்டிக் துண்டில் பேப்பரைச் சுற்றி, சொட்டின் தலையை மட்டும் தேய்க்க வேண்டும். விரலால் தேய்த்தால் விரல் பள்ளத்திலும் இறங்கும், மேடு மேடாகவே இருக்கும். தூசிக்கு: ஆபீஸ் பஞ்ச் மெஷினால் பேப்பரில் சின்ன வட்டம் வெட்டி, பென்சில் பின்னால் இருக்கும் ரப்பரில் ஒட்டிக்கொள்ளுங்கள். தூசி இருக்கும் இடத்தை மட்டும் சுத்தும் குட்டி மெஷின் ரெடி. ஆரஞ்சு பீலுக்கு: மேடுகள் தேய்ந்து மங்கலாகும், பள்ளங்கள் மட்டும் புள்ளி புள்ளியாக மின்னும். கடைசிப் புள்ளி மறைகிற நொடியில் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் தேய்ப்பதெல்லாம் வெட்டிச் செலவு.

எல்லாவற்றுக்கும் தண்ணீர் வேண்டும். அதில் பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு துளி. பத்துத் தேய்ப்புக்கு ஒருமுறை நிறுத்தி, துடைத்து, சாய்த்துப் பார்க்க வேண்டும். முக்கியமாகத் தண்ணீரின் நிறத்தைப் பார்க்க வேண்டும். தேய்ந்து வருவது கிளியர் என்றால் தண்ணீர் வெள்ளையாக இருக்கும். அதில் லேசாக நீலமோ சிவப்போ தெரிந்தால், முடிந்தது கதை, கலருக்குள் இறங்கிவிட்டீர்கள். தண்ணி வெள்ளையா இருக்கிற வரைக்கும்தான் நல்ல நேரம். ஓரங்களில் இது சீக்கிரமே நடக்கும். ஈரமாக இருக்கும்போதே கிளியர் கூர்மையான ஓரத்தை விட்டு விலகி ஓடிவிடுவதால், அங்கே பூச்சு மெல்லிசு. அதனால் ஓரங்களுக்கெல்லாம் முதலிலேயே டேப்.

மிச்சம் இருந்தது ‘ணை’ மேல் இருந்த நூலிழை. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். மூன்று கோட்டில் முதல் கோட்டிலேயே விழுந்திருக்கிறது. அதாவது எழுத்தோடு ஒட்டிக்கொண்டு, பூச்சின் அடித்தட்டில். மேலே துருத்திக்கொண்டிருந்த பகுதியைத் தேய்த்தேன். தண்ணீர் வெள்ளை. இன்னும் கொஞ்சம். வெள்ளை. பரப்பு சமமாகிவிட்டது. ஆனால் உள்ளே இழை அப்படியேதான் தெரிந்தது. எடுக்க வேண்டும் என்றால் பூச்சைத் தோண்ட வேண்டும். தோண்டினால் வாலும் சேர்ந்து வரும்.

“அசிங்கமா தெரியுதே மச்சி, எடுத்துடலாம்டா” என்றான் ரூம்மேட். பேப்பரைக் கீழே வைத்துவிட்டேன். எதை எடுக்கலாம் என்பது நுட்பம். எங்கே நிறுத்தணும் என்பதுதான் கணக்கு. இழை இருந்தால் அது குறையுள்ள ‘ணை’. இழையை எடுக்கப்போய் வால் போனால், அது ‘ணை’யே இல்லை.

கடைசியில் பாலிஷ். தேய்த்து முடித்த மாடல் மங்கி, அழுது வடியும். பயப்படாதீங்க. நாம் பார்க்கும் வெளிச்சத்தின் அலைநீளம் 0.4-லிருந்து 0.7 மைக்ரான். பரப்பில் இருக்கும் கீறல்கள் அதைவிட நன்றாகச் சின்னதாகிவிட்டால், வெளிச்சத்துக்கு அந்தக் கீறல் இருப்பதே தெரியாது. அதுதான் பளபளப்பு. 2000-ல் இருந்து 3000, அப்புறம் காம்பவுண்ட். ஜப்பானின் டாமியா கம்பெனி இதற்கென்றே முரடு, நைஸ், ஃபினிஷ் என்று மூன்று ட்யூப் போடுகிறது. பருத்தித் துணியில் பட்டாணி அளவு எடுத்து, கையால் மட்டும், பொறுமையாக. மெஷின் வேண்டாம். உராய்வுச் சூட்டில் பிளாஸ்டிக் இளகிவிடும். மெழுகு பாலிஷ் போடுவதாக இருந்தால் அதுவே கடைசி வேலையாக இருக்கட்டும். அதற்கு மேல் மறுபடி கிளியர் அடித்தால் மீன் கண்கள் வரிசை கட்டும்.

ஒரு சீரியஸான விஷயமும் சொல்லிவிடுகிறேன். லேக்கரோ தின்னரோ, அடைத்த ரூமில் அடிக்காதீர்கள். பக்கத்தில் அடுப்போ சிகரெட்டோ கூடவே கூடாது. ‘டூ-கே’ எனப்படும் ஹார்டனர் கலந்த கிளியர் இன்னும் கெட்டிதான், அழகுதான். ஆனால் அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஆஸ்துமாவையே வரவழைக்கக்கூடிய ரசாயனம். கர்ச்சீப்பும் துணி மாஸ்க்கும் அதைத் தடுக்காது. சரியான ரெஸ்பிரேட்டரும் காற்றோட்டமும் இல்லை என்றால் ஹாஸ்டல் ரூமில் அந்தப் பக்கமே போகாதீங்க. மாடல் இன்னொன்று செய்யலாம், நுரையீரல் கிட் எந்தக் கடையிலும் கிடைக்காது.

தீபாவளிக்கு முதல் நாள் லாரியை அப்புச்சி கையில் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, லாரியைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், தலையைச் சாய்த்து ட்யூப்லைட் வெளிச்சத்தில் பார்த்தார். எனக்கு யாரும் சொல்லித்தராத அந்தச் சாய்வுப் பார்வை எங்கேயிருந்து வந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. கட்டைவிரலால் பலகையை ஒரு தடவு தடவினார். ‘ணை’யில் விரல் நிற்குமோ என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். நிற்கவில்லை.

“பூச்சு நல்லாருக்குது கண்ணு” என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, “இந்த ‘வ’தான் சித்தே சாஞ்சு போச்சுது” என்றார்.

“அதெல்லாம் தெரியலீங் அப்புச்சி” என்றேன். தெரியும். லென்ஸ் வைத்து மூன்று வாரம் பார்த்தவன் ஆச்சே! ஆனால் அந்தச் சாய்வு கிளியரில் இல்லை. அதற்கு என்னிடம் பேப்பரும் இல்லை. இருந்தாலும் தேய்த்திருக்க மாட்டேன்.

சரி, உங்கள் அலமாரியிலும் ஏதாவது ஒரு மாடல் கிளியர் சொதப்பி, தூசும் சொட்டுமாக, ‘கரைச்சுடலாமா’ என்ற லிஸ்ட்டில் இருக்கும். இன்றைக்கே எடுத்து மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். தின்னர் வாசனை வருதா? அப்படியே டப்பாவைப் போட்டு மூடிட்டு, போய் செமஸ்டருக்குப் படிங்க. அடுத்த வாரம் பார்த்துக்கலாம்.